வெள்ளை மை கிடையாது

மலைப்படம் எடுத்து விற்கிறேன் என்றால் நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. "எந்த கேமரா?", "அதுல காசு வருதா?" முதல் கேள்விக்கு பதில், பழைய 24 மெகாபிக்சல் நிகான். இரண்டாவதற்கு, ஆபீஸ் வேலையை இன்னும் விடவில்லை :-)

2004ல் தில்லிக்கு வந்தேன். சம்பளம் வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் சரியாக இருக்கும். படம் விற்ற காசு தனிக் கணக்கு. அதில்தான் வருஷத்துக்கு ஒரு முறை நாலு பேரும் திருநெல்வேலிக்குப் போய் வருவோம். இமயமலையை விற்று தாமிரபரணியில் குளிக்கும் குடும்பம் என்று என் மச்சான் கிண்டல் பண்ணுவான்.

நான் அதிகம் எடுப்பது பஞ்சசூலி. உத்தராகண்டில் முன்சியாரி என்ற ஊருக்கு எதிரே வரிசையாக நிற்கும் ஐந்து சிகரங்கள். அதில் உயரமானது 6,904 மீட்டர். சூல்ஹா என்றால் அடுப்பு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்து போகுமுன் கடைசிச் சாப்பாட்டை இந்த ஐந்து அடுப்பில் சமைத்தார்கள் என்று அங்கே கதை. பழைய தில்லியில் இரவு ரயில் ஏறினால் விடிகாலை காட்கோதாம். அங்கிருந்து ஷேர் ஜீப்பில் முழுப் பகல். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. வளைவுகள் அப்படி.

முன்சியாரியில் ஒரு விசேஷம். மலை ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அதனால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வரும். நமக்குத் தெரிவது கறுப்பு நிழலுருவம்தான். வண்ணமெல்லாம் சாயங்காலம். மேற்கிலிருந்து வெயில் நேராக மோதி, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று மாறி, கடைசியில் திடீரென்று சாம்பல் நீலமாகிவிடும். அந்த ரோஸ் நிற்பது சில நிமிஷம்தான். அதற்காக ஜனவரிக் குளிரில் இரண்டு மணி நேரம் முக்காலியை நட்டு வைத்து நிற்க வேண்டும். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குளிரில் மளமளவென்று இறங்கிவிடும். திரும்பி வந்ததும் கேமராவைப் பையில் மூடியபடியேதான் அறைக்குள் கொண்டு போகணும். அப்படியே நுழைந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும்.

பனியை எடுப்பதில் முதல் பாடம்: கேமராவை நம்பாதே. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து அளக்கிற ஜந்து. வெள்ளை மலையைக் காட்டினால் அழுக்கு வேட்டி நிறத்தில் கொடுக்கும். ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கணும். ரொம்பக் கூட்டினால் பனியில் இருக்கும் மடிப்பு, வரி எல்லாம் போய் வெறும் சுண்ணாம்புச் சுவராகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பு.

பிரிண்ட் போடுவது தனிக் கதை. 6000க்கு 4000 பிக்சல் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20 அங்குல அகலம் தாராளமாக வரும். கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று இருந்த படம் தாளில் இருட்டாக வரும், ஏனென்றால் திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது, தாளுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. நான் பருத்தித் தாளில், பிக்மென்ட் மையில் போடுகிறேன். லேசாகப் பழுப்பேறிய மாதிரி இருக்கும் தாள் அது. கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தாள்களில் பளபளப்புக்காக ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அது வருஷம் போகப் போக வீரியம் இழந்து மஞ்சளடிக்கும்.

இதில் எனக்கு வெகுநாள் உறைக்காத ஒன்று. இந்தப் பிரிண்டர்களில் வெள்ளை மை கிடையாது. பத்துப் பன்னிரண்டு மைக்குப்பி இருந்தாலும் வெள்ளை மட்டும் இல்லை. பனி எங்கே வெள்ளையாகத் தெரிகிறதோ அங்கே மை விழவில்லை என்று அர்த்தம். அதாவது நான் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் பனி வெறும் தாள்.

சரி, யார் வாங்குகிறார்கள்? புது ஃப்ளாட் வாங்கியவர்கள், கல்யாணப் பரிசு கொடுப்பவர்கள், டாக்டர்கள். ரோஸ் நிற சாயங்காலம் எப்போதும் விற்கும். நிமிர்ந்த படம் விற்காது, சோபாவுக்கு மேலே மாட்ட கிடைப்படம்தான் வேண்டும். வாஸ்து உண்டு. ஆர்.கே. புரத்தில் ஒரு மாமி, "தென்மேற்குச் சுவர்ல மாட்டப் போறேன், படத்துல ஆறு தெரியப்படாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். கோரிகங்கா தெரியாத படமாகத் தேடிக் கொடுத்தேன். நமக்கென்ன, மலைக்குக் கோபமில்லை.

சென்னையில் கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஃபிரேம் போடும்போது தாளும் கண்ணாடியும் ஒட்டக்கூடாது. நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் பஞ்சசூலியில் பூஞ்சை முளைக்கும். (தாளைச் சுருட்டி பிவிசி குழாயில் போட்டு அனுப்புவதால் வழியில் கண்ணாடி உடையும் பேச்சே இல்லை. ஃபிரேம் அவரவர் ஊரில்.)

இப்போது சொல்ல வந்தது. 2015லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் முன்சியாரியை ஒட்டிய சர்மோலி கிராமத்தில், ஒரே வீட்டு மொட்டை மாடியில், ஒரே லென்ஸை வைத்து ஒரு படம் எடுக்கிறேன். ஆரம்பத்தில் திட்டம் ஒன்றும் இல்லை. அந்த மாடியில் டீ கிடைக்கும், அவ்வளவுதான். 2024 ஜனவரியில் போனபோது பனி இல்லை. அந்தக் குளிர்காலம் குல்மார்க்கிலேயே மாதக் கடைசி வரை பனி காணாமல் தரை புல்லாகக் கிடந்தது நினைவிருக்கும். பஞ்சசூலியில் உச்சிகளிலும் பனியாற்றுப் பள்ளங்களிலும் மட்டும் வெள்ளை. மற்றபடி பாறை கறுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது. கரி பிடித்த அடுப்பு என்றால் அதுதான். வழக்கம்போல் எடுத்தேன்.

அந்த வருஷம் குர்காவில் ஒரு கம்பெனி, புது ஆபீஸுக்கு 12 பெரிய பிரிண்ட் கேட்டது. எனக்கு அதுவரை வந்ததில் பெரிய ஆர்டர். அந்தக் காசில் கோடைக்கு நாலு பேரும் விமானத்திலேயே ஊருக்குப் போய் வரலாம். ஒரே நிபந்தனை, எல்லாம் "இந்த வருஷத்துப் படமாக" இருக்கணும், ஏனென்றால் கம்பெனி ஆரம்பித்த வருஷம். அனுப்பினேன். பதில் வந்தது: ரொம்பப் பிரமாதம், ஆனால் பாறையெல்லாம் கொஞ்சம் வெள்ளையாக்கித் தர முடியுமா? கம்ப்யூட்டரில் அரை மணி நேர வேலை. எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். 2019 படம் நல்ல பனியோடு இருக்கிறது, அதைத் தரட்டுமா என்றேன். வேண்டாம், 2024தான், ஆனால் வெள்ளையாக. முடியாது என்று எழுதிவிட்டேன்.

நான் ஒன்றும் தொடவே தொடாத உத்தமன் இல்லை. சென்சார் தூசியால் வரும் புள்ளியை அழிப்பேன். நிழலைக் கொஞ்சம் தூக்குவேன், காற்றின் மங்கலைக் கழிப்பேன். இருந்ததைத் தெளிவாக்குவது வரைக்கும் சரி. இல்லாத பனியைப் போட்டு, அதன் கீழே 2024 என்று எழுதுவது வேறு. ஒவ்வொரு பிரிண்டுக்குப் பின்னாலும் இடம், தேதி, நேரம் பென்சிலில் எழுதிக் கொடுக்கிறேன். அதைப் பொய்யாக எழுத கை வரவில்லை.

மலைப்படம் விற்பது இந்த நாட்டில் புதிதும் இல்லை. சாமுவேல் போர்ன் என்ற வெள்ளைக்காரர் 1860களில் கண்ணாடித் தகடுகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமைகூலிகள் தலையில் ஏற்றிக்கொண்டு இமயமலை ஏறி, 1866ல் 18,600 அடி உயரத்து மணிரங் கணவாயில் படம் எடுத்தார். அவையும் விற்பனைக்குத்தான். 1921ல் மலோரி எவரெஸ்டின் வடக்கே ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்தார். டேவிட் பிரஷியர்ஸ் 2007ல் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் 300 அடிக்கு மேல் பனி காணோம். 1921ல் யாராவது "கொஞ்சம் வெள்ளையாக்கி" இருந்தால் 2007 படத்தை எதோடு ஒப்பிடுவது? என்னுடைய பத்துச் சொச்சம் வருஷத்தை வைத்துக் காலநிலை பற்றி நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு வறண்ட குளிர்காலம் எப்போதும் வரலாம். ஆனால் அதே பித்தோராகட் மாவட்டத்தில், 2024 ஆகஸ்டில் ஓம் பர்வதத்தில் அந்த 'ஓம்' எழுத்தே கரைந்து போனதாகச் செய்தி வந்தபோது, அதை எடுத்து வைத்தவர்கள் இருந்ததால்தான் நமக்குத் தெரிந்தது. பிறகு பனி பெய்து ஓம் திரும்பி வந்தது. இரண்டு படமும் வேண்டும்தானே?

ஆர்டர் போய்விட்டது. வீட்டில் தங்கமணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, ஃபிளைட் வேண்டாம், திருக்குறள் எக்ஸ்பிரஸ்லயே போலாம்" என்றாள். பெரியவன்தான் இரண்டு ராத்திரி ரயில் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நாக்பூர் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துச் சமாதானம்.

2025 ஜனவரியில் சர்மோலி தீதிக்கு இரண்டு பிரிண்ட் கொண்டு போனேன், 2019ம் 2024ம். எது வேண்டுமோ எடுத்துக்கோங்க தீதி என்றேன். வெள்ளையைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். கறுப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மலையைப் பார்க்கவே இல்லை. படத்தின் அடியில் தெரிந்த தன் வயலைப் பார்த்தார். "இந்த வருஷம் கோதுமை சரியா வரலை தாஜூ. வயல்ல பனி படுத்திருந்தாத்தான் மண்ணுல ஈரம் நிக்கும். என் மாமியார்கிட்ட காட்டணும், அவங்க நான் சோம்பேறின்னு நினைச்சிட்டிருக்காங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார்.

அந்தப் படம் இப்போது அவர் வீட்டில் விருந்தாளிகள் சாப்பிடும் அறையில் தொங்குகிறது. மழையில் மலை மூடிக்கிடக்கும் நாட்களில் வருகிறவர்கள், "மலை இப்படித்தான் இருக்குமா?" என்று ஏமாற்றமாகக் கேட்கிறார்களாம். படத்தைக் கழற்றி, திருப்பி, பின்னால் இருக்கும் தேதியைக் காட்டுகிறாராம்.

அதில் இதுவரை விற்றது ஒன்றே ஒன்று. நாமக்கல்லிலிருந்து ஒரு பூகோள வாத்தியார், வகுப்பில் மாட்ட. பாதி விலைக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். வரும் ஜனவரிக்கும் காட்கோதாம் டிக்கெட் போட்டாகிவிட்டது. வெயிட்டிங் லிஸ்ட் 14.