பல்லுக்கும் சிமெண்டு உண்டு மக்கா!



போன வாரம் பேரனின் பல் எக்ஸ்ரே படத்தைக் குழுவில் போட்டிருந்தேன். "பல்லுக்குள்ள சிமெண்டா? பாத்து, ஏமாத்திரப் போறாங்க" என்று பூதப்பாண்டி மதினி போனில் கேட்டார். என்னிடம் படித்து இப்போது கொத்தனாராக இருக்கும் தம்பி ஒருவன், "சாரே, அது நம்ம மூட்டை சிமெண்டுதானா?" என்றான். இருவருக்கும் சேர்த்தே பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு எட்டு வயது. சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல்லில் அடி. சில வாரத்தில் பல் நிறம் மாறி ஈறு வீங்கியது. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்றார் நாகர்கோவில் டாக்டர். அந்த வயதில் முன்பல்லின் வேர் முழுதாக வளர்ந்திருக்காது. நமக்கு வேர்நுனி ஊசித் துளை மாதிரி. அவனுக்கு அடி திறந்த குழாய் மாதிரி. எதை வைத்து அடைத்தாலும் வெளியே பிதுங்கும்.

"பிடுங்கிட்டு வேற பல்லு வச்சிரலாமே" என்றார்கள் வீட்டில். ஆனால் தாடை வளர்ந்து முடியும்வரை இம்ப்ளாண்ட் வைக்க முடியாது. அதுவரை கழற்றி மாட்டும் பல்தான். பல் போன பிள்ளைக்கு வகுப்பில் என்ன பட்டப்பெயர் விழும் என்று 35 வருஷம் பார்த்தவன் நான்.

முன்பெல்லாம் இதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதுதான். மாசக்கணக்கில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நாளானால் வேர் வலுவிழந்து ஒடியும் ஆபத்தும் உண்டு.

1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் புது வழி கண்டார். எம்டிஏ என்று பெயர். அதில் 75 சதவீதம் போர்ட்லண்ட் சிமெண்டு, 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, 5 சதவீதம் ஜிப்சம். ஆக, தம்பி கேட்டது முக்கால் பங்கு சரி! கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றி நனைப்பதுபோல இதற்கும் ஈரம் வேண்டும். வேர் நுனியில் ஈரம் இருந்தால் மற்ற மருந்துகள் கெடும்; இது இறுகும். இறுகும்போது சுண்ணாம்பைக் கக்கும், கிருமி தாங்காது. பிஸ்மத் எதற்கு? எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிய. நீங்கள் படத்தில் பார்த்த வெள்ளைப் பொட்டு அதுதான்.

அப்படியானால் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தால் போதாதா? போதாது மக்கா. மூட்டை சிமெண்டில் ஆர்சனிக், ஈயம் எவ்வளவு என்று யாரும் பல்லுக்காகப் பார்ப்பதில்லை. பல் சிமெண்டுகளுக்கான சர்வதேசத் தரத்தில், அமிலத்தில் கரையும் ஆர்சனிக் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆலையில் விக்கட் ஊசி குத்திப் பார்ப்பதுபோல, இங்கே கில்மோர் ஊசியை வைத்துத் தடம் விழுகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீரில் போட்டு எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுப்பார்கள். அலுமினியப் படிக்கட்டுத் துண்டோடு சேர்த்து எக்ஸ்ரே எடுப்பார்கள். உயிருள்ள செல்களோடு வைத்து அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இத்தனையும் தாண்டித்தான் குழந்தையின் வாய்க்கு வரும்.

எம்டிஏவிலும் குறை உண்டு. இறுக ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். பிஸ்மத்தால் பல் கறுக்கலாம். விலையும் அதிகம். அதனால்தான் பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு, சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு என்று மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள். பயோடென்டின் அப்படி வந்தது. 12 நிமிஷத்தில் இறுகும் என்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. நம்மூர்க்காரர்கள் இருதயத்துக்குப் போகும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் தெரியுமல்லவா? அதன் பூஜப்புரை ஆய்வகத்தில் மனோஜ் கோமத், எச். கே. வர்மா இருவரும், எலும்புக்கும் பல்லுக்கும் ஊசிவழி செலுத்தும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டு ஒன்றை உருவாக்கி 2003-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அது வேறு வகைச் சிமெண்டு என்றாலும், இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் நடந்ததை நாம் அறியாமலிருக்கலாமா?

பேரனுக்கு எம்டிஏ வைத்து ஆறு மாசம் ஆகிறது. வீக்கம் இல்லை. வேர்நுனியைச் சுற்றி எலும்பு கட்டத் தொடங்கியிருக்கிறது. இன்னும் சில வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றிருக்கிறார் டாக்டர்.

பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விழுந்த அடியில் நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பால்பல்லுக்கு இது பொருந்தாது.

என்னிடம் படித்துப் பல் டாக்டரானவர்கள் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதுங்கள். வாத்தியார் இப்போது உங்களிடம் படிக்கிற நேரம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.