காந்தம் ஒட்டாத இடம்



என் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய காரைக் குறித்து உங்களில் பலர் விசாரித்தீர்கள். "விற்றாயிற்று என்றீர்களே பாஸ்டர், இன்னும் நிற்கிறதே?" என்று சென்ற ஞாயிறு ஒரு தாயார் ஆலய வாசலிலேயே கேட்டார்கள். அதற்குரிய பதிலை இந்த வாரம் எழுதுகிறேன். அது எனக்குப் பெருமை தரும் பதிலன்று.

அது 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. இரண்டு இருக்கைகளும் மடக்கும் துணிக்கூரையும் உடைய திறந்த கார். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை, மூடிய வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் கட்டப்பட்டன. ஊழியத்திற்காக இந்நாட்டிற்கு வந்த எனக்கு, திங்கட்கிழமை ஓய்வில் கைகளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. ஆகவே ஆறு ஆண்டுகளுக்கு முன் இதை வாங்கினேன். இதன் எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டும் எனக்குப் பெரிய ஆசிரியர்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்றின் இழுப்பால் எழும்பும் ஒரு பிஸ்டன் உண்டு. அதன் நடுக்குழலில் எண்ணெய் வற்றிப்போனால், ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் திக்கும். ஒரு மாதம் முழுவதும் எதை எதையோ கழற்றிப் பார்த்த பின்புதான், தேவைப்பட்டது இரண்டு கரண்டி எண்ணெய் என்று கண்டேன். (என் துணைவியார் இதை இன்னும் மறக்கவில்லை.)

ஆனால் இந்தக் காரின் உயிர் எஞ்சினில் இல்லை. இதற்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். மேலே கூரையும் இல்லாததால், கதவுகளுக்கு அடியில் இருபுறமும் நீளவாட்டில் ஓடும் இரும்புப் பெட்டிகளே பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கின்றன. அவற்றை 'சில்' என்பார்கள். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் ஈரமும் அவற்றுக்குள் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். அரித்தால் காரின் நடுப்பகுதி தொய்யும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே குறுகி, கீழே அகலும்.

சென்ற இலையுதிர் காலத்தில் காரை விற்கத் தீர்மானித்தேன். கழுவும்போது இடப்பக்கக் கதவு உரசுவதைக் கவனித்தேன். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து சில்லின்மேல் வைத்தேன். ஒரு சாண் நீளத்துக்கு அது ஒட்டவில்லை, நழுவி விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். பட்டி பெயர்ந்தது. உள்ளே கசக்கித் திணித்த செய்தித்தாள், அதற்கப்பால் துருத்தூள். எனக்கு முன் வைத்திருந்த யாரோ செய்த வேலை.

இதுவரை குற்றம் என்னுடையதன்று. அன்றிரவு நான் கடைக்குச் சென்று ஒரு டப்பா பட்டி வாங்கிவந்தேன். அந்தத் துளையை நானே அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்தவன் நான்.

வாங்க வந்தவர் நம் சபையின் வாலிபர். அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். "அடிப்பகுதி எப்படி பாஸ்டர்?" என்றார். "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாலிபர் முன்பணம் கொடுத்துச் சென்றார். இந்நாட்டில் 2018 மே முதல், 40 ஆண்டுகள் கடந்த பழைய கார்களுக்கு, பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாதிருந்தால், ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனை கட்டாயமில்லை. எந்தப் பரிசோதகரும் அதன் அடியில் விளக்குப் பிடிக்கப்போவதில்லை. அந்த எண்ணம் முதல் நாள் ஆறுதலாக இருந்தது. இரண்டாம் நாள் அதுவே என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் மாலை முன்பணத்தையும் அந்தக் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இடப்பக்கமா? அந்தப் பக்கத்தில்தானே பாஸ்டர் என் மனைவி உட்கார்ந்திருப்பாள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் இருவரும் ஆராதனைக்கு வரவில்லை. அவர்கள் வராத காரணம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்று வாரமும் பிரசங்க பீடத்தில் நிற்பது எனக்கு எளிதாயிருக்கவில்லை.

சில்லை மாற்றுவது பொறுமையான வேலை. இரு பக்கத்தையும் ஒருங்கே வெட்டலாகாது, உடல் கோணிவிடும். வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை வெல்டிங் செய்து, இடைவெளி சரியாகும்வரை முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு அழுகியதை வெட்ட வேண்டும். நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அது நாம் நினைத்த இடத்துக்கும் வெகு தூரம் தள்ளியே தென்படும். ஒரு சாண் என்று எண்ணித் தொடங்கினேன். முன்சக்கரத்தின் அருகிலிருந்து பின்சக்கரத்தின் அருகு வரை போயிற்று. வெல்டிங்கை அனுபவமுள்ள ஒருவரே செய்தார்; வெட்டுவதும் தேய்ப்பதும் என் பங்கு.

நான்காம் வாரம் சனிக்கிழமை நான் காருக்கு அடியில் படுத்திருந்தபோது, பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. அந்த வாலிபர்தான். ஒன்றும் சொல்லாமல் விளக்கை எடுத்துப் பிடித்தார். எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கார் இப்போது விற்பனைக்கு இல்லை. இடப்பக்கக் கதவு சரியாகச் சாத்துகிறது. வலப்பக்கத்தில் காந்தம் வைத்துப் பார்த்தோம். அங்கும் இரண்டிடத்தில் நழுவியது. குளிர் குறைந்ததும் அதைத் திறக்க வேண்டும்.