இரும்பும் அரைப் பேரும்

"நனோ" என்ற சொல்லை நான் முதன்முதலில் செவிமடுத்தது உரத்தின் பெயரால்தான். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டு, தேயிலைச் செடிகள் வெளிறிக் கிடந்த காலத்தில், இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்னும் திரவம் வந்திறங்கிய செய்தி வானொலியில் அடிபட்டது. அதே ஒக்டோபரில் மேல்வகுப்பு மாணவருக்குப் போடத் தொடங்கிய பைசர் தடுப்பூசியிலும் கொழுப்பாலான நனோ துணிக்கைகளே மருந்தைச் சுமந்து வந்தன என்பதைப் பின்னரே அறிந்தேன். நான் தமிழ் படித்தவன். விஞ்ஞானம் என் பாடமன்று. ஆயினும் மாணவர்கள் கேள்வி கேட்கும்போது பாடம் பார்த்தா கேட்கிறார்கள்?

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி, ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றாள்.

"சேர், அம்மாவுக்கு ரத்தம் இல்லைன்னு ஆஸ்பத்திரியில இரும்பு ஏத்துனாங்க. போத்தல்ல சாயத் தண்ணி மாதிரி இருந்திச்சு. இரும்பைக் கரைச்சு ஒடம்புல விட்டா ஒண்ணும் செய்யாதா?"

எனக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரிய நண்பரைத் தொல்லைப்படுத்தி, இரண்டு இரவுகள் படித்தேன். அவளுடைய அச்சம் நியாயமானது: இரும்பு கட்டின்றி இரத்தத்தில் கலந்தால் நஞ்சாகும். ஆகவே இரும்பு ஐதரொட்சைட்டாலான மிகச் சிறு கருவைச் சர்க்கரையால் போர்த்தி அனுப்புகிறார்கள். சில நனோமீற்றரே அதன் அகலம். ஒரு மீற்றரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நனோமீற்றர். மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்குகலங்கள் அத்துணிக்கையை விழுங்கி, இரும்பைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. 1974இல் யப்பானியரான நொரியோ தனிகுச்சி "நனோ தொழினுட்பம்" என்று பெயர் சூட்டுமுன்பே, 1950களில் இவ்வகை இரும்பு மருந்து பாவனைக்கு வந்துவிட்டது. பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

துணிக்கை சிறிதானால் மட்டும் மருந்தாகிவிடாது. சாயப்பூச்சிலும் நனோ துணிக்கை உண்டு. உடம்பில் அது எங்கே போகிறது, எதை எப்போது அவிழ்க்கிறது என்பதை ஆள முடிந்தாலே அது நனோ மருத்துவம். இதயத்தைக் கெடுக்கும் டொக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, இதயத்துக்கு நேரும் கேட்டைக் குறைத்தார்கள்; 1995இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. போர்வையை மாற்றியதால் பழைய மருந்தின் வழியே மாறிற்று.

இதையெல்லாம் சொன்னபோது அவள் ஆர்வத்தோடு கேட்டாள். ஆனால் அவள் வீட்டுச் சிக்கல் வேறு. அந்த மருந்தைப் பல தவணையாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் சம்பளம் போகும். பாதி நாளில் ஓடி வந்து மலைக்கு ஏறினாலும் அரைப் பேர்தான். இரண்டு தவணையோடு தாய் நின்றுவிட்டாள். போர்வை இன்னும் இறுக்கமான புதிய இரும்புத் துணிக்கை ஒன்று உண்டு. ஆயிரம் மில்லிகிராமை ஒரே அமர்வில், கால்மணி நேரத்தில் ஏற்றலாம். அது விலை கூடியது. நாட்கூலிப் பெண்ணுக்கு எது மிகவும் வேண்டியதோ, அதுவே அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறையும். வைத்தியர் சொன்னதை அந்தத் தாயிடம் நானும் சொன்னேன்.

"ரொட்டி தின்னு ஒரு மணி நேரம் கழிச்சா தேத்தண்ணி குடிக்கிறது, சேர்? அப்ப நாங்க மலையிலல்ல நிப்போம்?" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த வாரம் மூன்றாம் தவணைக்குப் போகச் சம்மதித்திருக்கிறார். அன்றைய சம்பளத்தை ஈடுகட்ட மகள் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்தெடுக்கப் போகிறாளாம். ஞாயிறு காலையில்தான் சாதாரண தரப் பரீட்சைக்கு நான் விசேட வகுப்பு வைப்பது. வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றியிருக்கிறேன்.