சுறாப் புட்டும் இளஞ்சிவப்புச் சீட்டும்

பிள்ளை பெற்றவளுக்குக் காயம் கிண்டத் தேவையான சாமான்களின் பட்டியல் எங்கள் குடும்பத்தில் எழுதப்பட்டதே இல்லை. ஆச்சி அம்மாவுக்குச் சொன்னதை, 2022 நவம்பரில் அம்மா கைபேசியில் எனக்குச் சொன்னாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “பால்சுறா கெடச்சா பாரு. புட்டு அவிச்சுக் குடு, பால் ஊறும்” என்றாள். தூத்துக்குடியில் இவ்வளவையும் வாங்க அரை மணி நேரம் போதும். என் தங்கைக்குக் குழந்தை பிறந்ததோ தில்லியில். முழங்கால் வலியால் அம்மாவால் ரயிலேற முடியவில்லை. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் போனேன்.

“எதுக்கு அலையணும் மதினி, ஆப்ல போட்டா பத்து நிமிஷத்துல வந்திரும்” என்றார் தங்கையின் கணவர். நல்ல மனிதர். சுக்கும் ஓமமும் வரத்தான் செய்தன. சித்தரத்தையை எந்தப் பெயரில் தேடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்காக நான் படித்த எந்த நூலிலும் அதன் இந்திப் பெயர் இல்லை. சொல்லித் தந்தவர் மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மா. காய்ந்த கிழங்கின் படத்தைக் காட்டியதும் “குலஞ்சன்” என்றார். சுக்கு சோண்ட், திப்பிலி பிப்பலி, ஓமம் அஜ்வாயின். அவர்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக் கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சுக்கும் பிசினும் சேர்த்துப் பஞ்சீரி செய்வார்களாம். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்குத் தமிழ் அறவே தெரியாது. ஆனாலும் சுக்கு எதற்கு, ஓமம் எதற்கு என்று நாங்கள் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தங்கை வீடு ஜி.டி.பி. நகரில். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் அங்கிருந்து ஐந்தாவது நிலையம் சாந்தினி சௌக். மேலும் ஒன்பது நிலையம் போனால் ஐ.என்.ஏ. ஒரே தடத்தில் இரண்டு சந்தைகள். தில்லி மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. 2010 அக்டோபரிலிருந்து அப்படித்தான். அதில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் கையில் அலுவலகப் பையோடு இன்னொரு பையும் இருந்தது. ஒன்றிலிருந்து முள்ளங்கி இலை எட்டிப் பார்த்தது.

சாந்தினி சௌக்கில் இறங்கி, ஃபதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி. மிளகாய் நெடியில் வாங்குபவர்களும் விற்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் ஒன்றாக இருமிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசையாகப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் பாதியிலேயே “ஜச்சாவுக்கா?” என்று கேட்டார். பிள்ளை பெற்றவளை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். கேட்காமலே ஒரு கைப்பிடி ஓமம் கூடுதலாகப் போட்டார்.

ஐ.என்.ஏ. சந்தை, தில்லி ஹாட்டுக்கு எதிரே. கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, புழுங்கல் அரிசி, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். மலையாளி ஒருவரின் கடையில் ‘கரிப்பெட்டி’ என்று எழுதி ஒட்டியிருந்தது, நம் கருப்பட்டிதான். உள்ளே மீன் வரிசையில் மூன்றாவது கடையில் சுறாக் குட்டிகள் இருந்தன. முக்கால் கிலோ வாங்கினேன். நான்கு உறை போட்டுக் கட்டியும் வாசனை அடங்கவில்லை. மூடிய மெட்ரோப் பெட்டியில் பதினான்கு நிலையம் அதோடு நிற்க மனம் வரவில்லை. ஜன்னல் திறந்திருக்கும் பேருந்தைப் பிடித்தேன்.

நடத்துநர் எதுவும் கேட்காமல் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். தில்லியில் 2019 அக்டோபர் 29 முதல் எல்லாப் பெண்களுக்கும் பேருந்தில் கட்டணமில்லை என்றிருந்தது அப்போது. ஒவ்வொரு சீட்டுக்கும் பத்து ரூபாயை அரசு கட்டியது. மெட்ரோவுக்கும் இதே சலுகையை அந்த ஆண்டு ஜூனில் அறிவித்தார்கள்; அது நடக்கவில்லை. நம் ஊரில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இது வந்தது. வந்த நாளிலிருந்து ‘ஓசி’ என்ற சொல்லும் கூடவே ஏறிக்கொண்டது. என்னிடம் படிக்கும் பெண்கள் சிலர் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டாம் என்றே காசு கொடுத்துப் போகும் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

காஷ்மீரி கேட்டில் இறங்கி இன்னொரு பேருந்து. இன்னொரு சீட்டு. ஆக, அரசு எனக்குக் கொடுத்தது இருபது ரூபாய். நான் வீட்டை விட்டுக் கிளம்பி ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. கையில் ஏழு கிலோ. இதில் யார் யாருக்கு ஓசியாகக் கொடுத்தது?

2019இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவழிப்பதாகச் சொல்கிறது. ஆண்களுக்கு 97. வீட்டு வேலை என்றதும் நம் மனதில் வருவது அடுப்படி. அந்த அடுப்படிக்காக ஊர் முழுக்க அலைவது போக்குவரத்துக் கணக்கிலும் ‘கடைக்குப் போதல்’ என்று உதிரியாக நின்றுவிடுகிறது. குழந்தையைப் பள்ளியில் விடுவது, நோயாளியைப் பார்க்கப் போவது, சாமான் வாங்குவது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பராமரிப்புக்கான பயணம் என்று தனியாக எண்ணச் சொன்னவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஆய்வாளர் இனேஸ் சாஞ்செஸ் தெ மதரியாகா. அப்படி எண்ணினால்தான் எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை படி உயரத்தில் பேருந்து வேண்டும் என்பது மாறும். ஏழு கிலோவோடு ஏறியவளுக்கு அந்தப் படி தெரியும்.

வீட்டில் வேறு சிக்கல். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் சைவம். குடிவரும்போதே “நான்வெஜ் கூடாது” என்று சொல்லித்தான் சாவி கொடுத்திருந்தார். எது வாசனை, எது நாற்றம் என்று முடிவு செய்யும் உரிமை இந்த நாட்டில் எல்லாச் சாதிக்கும் கிடைத்ததில்லை. ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சொருகி, சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்தேன். ஒன்பது நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தங்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள். பால் ஊறியதா என்று நான் கேட்கவில்லை. பேறுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் கருப்பட்டி தீர்ந்தபோது, எல்லாவற்றையும் இந்தியில் எழுதிக் கொடுத்துத் தங்கையின் கணவரை அனுப்பினேன். அதே மஞ்சள் தடம், அதே சந்தை. சுறா உட்பட ஒன்றையும் விடாமல் வாங்கி வந்தார். அன்று இரவு அம்மா ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, மருமகன் மீன் வாங்க மெட்ரோவில் போய்வந்த கதையைச் சொன்னாள்.