அதே பேய், வேறே குறை

2011-ல் பேரனின் நச்சரிப்பு தாங்காமல் திருநெல்வேலிக்குப் போய் 'காஞ்சனா' பார்த்தேன். 2007-ல் வந்த 'முனி'யின் இரண்டாம் பாகம் அது. எழுதி, இயக்கி, நடித்ததோடு தயாரித்ததும் ராகவா லாரன்ஸ்தான்.

எங்கள் சீவலப்பேரியில் சுடலைமாடன் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். வருஷா வருஷம் அதே கதைதான். ஆனாலும் மாடன் வரும் இடத்தில் உடம்பு சிலிர்க்கும். பேய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பதும் அப்படித்தான் போலிருக்கிறது. இருட்டினாலே நடுங்கும் மகன், அம்மாவாகக் கோவை சரளா என்று அந்த இரண்டு பேரும் மறுபடி வருகிறார்கள். பயமுறுத்த ஒரு வீடும் இருட்டும் கதவுச் சத்தமும் போதும். அதற்குப் பெரிய செலவில்லை. புதிதாக வேண்டியது ஒன்றுதான்: செத்தவருக்கு என்ன குறை? 'முனி'யில் ராஜ்கிரண், அரசியல்வாதியை நம்பி ஏமாந்தவர். இதில் சரத்குமார், பெற்றவர்களே ஒதுக்கிய திருநங்கை.

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளை ஒன்று. அதன் நடையையும் பேச்சையும் சொல்லிக் காட்டிச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். பத்தாம் வகுப்பு முடியுமுன் ஊரைவிட்டே போய்விட்டது. எங்கே போனது என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

விளக்கு போட்டதும் பேரன் என் முகத்தைப் பார்த்தான்.

"தாத்தா, பயந்துட்டீங்களா?"

"ஆமாலே" என்றேன்.