நிலையத்து விளக்கு

சேர்வராயன் மலைமேல் விளங்கும் ஏற்காட்டுக்கு இருப்புப்பாதை இல்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சாலை வழியாகவே மேலே வருதல் வேண்டும். ஆயினும், ஏற்காட்டை அடுத்த கரடியூரில், காப்பித் தோட்டங்களின் நடுவே உள்ள என் இல்லத்தில், மாலைதோறும் புகைவண்டி ஒன்று ஓடுகின்றது. அதன் நீளம் மூன்று முழத்திற்கு மேற்படாது. அதில் புகையும் இல்லை. எனினும், பழக்கம் பற்றி அதனைப் புகைவண்டி என்றே அழைக்கின்றோம். அதனை ஓட்டுபவன் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பேரன்.

இவ்விளையாட்டைச் சிறுவர்க்கே உரியதென்று எண்ணிவிடுதல் வேண்டா. செருமனி நாட்டு மார்க்லின் நிறுவனத்தார் 1891-ஆம் ஆண்டிலேயே அளவு வரையறுத்த தண்டவாளங்களோடு விளையாட்டு வண்டிகளை வெளியிட்டனர். நம் நாட்டில், புனே நகரில் ஜோஷி என்பார் அமைத்த சிற்றுரு இருப்புப்பாதைக் காட்சியகம் 1998 முதல் மக்களை மகிழ்வித்து வருகின்றது. என் பேரனது வண்டி, உண்மை வண்டியின் 87-இல் ஒரு பங்கு அளவினது. அதன் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

மரப்பலகை ஒன்றன்மேல் அவன் ஒரு சிற்றூரையே படைத்தான். நிலையம் ஒன்று, கைகாட்டிகள் இரண்டு, தெருவிளக்குகள் பன்னிரண்டு என அனைத்தையும் அட்டையாலும் கம்பியாலும் தன் கையாலேயே செய்தான். அவ்விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்தே எடுத்தான். அருகிலேயே மின்சாரம் இருக்க, வேறிடம் தேடுவானேன் என்பது அவன் கருத்து.

அன்று மாலை அறையை இருட்டாக்கி வண்டியை ஓட்டினான். வண்டி விரைந்தபோது விளக்குகள் ஒளிவிட்டன. வேகம் குறைந்தபோது மங்கின. வண்டி நிலையத்தை அடைந்து நின்றதும் ஊர் முழுதும் இருண்டது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தான். அப்பொழுது ஒரு விளக்கும் எரியவில்லை. “தாத்தா, வண்டி நிற்கும்போதுதானே நிலையத்திற்கு விளக்கு வேண்டும்? அப்பொழுது பார்த்து அணைந்துவிடுகின்றதே!” என்று முகம் வாடினான். பல நாள் உழைப்பையும் பிரித்தெறிந்துவிடவும் எண்ணினான்.

சேலத்தில் இருப்புப்பாதைத் துறையில் கைகாட்டிகளைப் பேணும் பணியில் உள்ள என் மகன் அன்று விடுமுறையில் வந்திருந்தான். அவன் மைந்தனை அருகே அழைத்துக் காரணத்தை விளக்கினான்.

“தம்பி, உன் வண்டி நேர்மின்னோட்டத்தால் ஓடுகின்றது. தண்டவாளத்தில் மின்னழுத்தம் சுழியிலிருந்து 12 வோல்ட் வரை கூடும், குறையும். கூடினால் வேகம்; குறைந்தால் தளர்ச்சி; சுழியானால் நிறுத்தம். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். உன் விளக்குகளோ ஒளியுமிழ் டையோடுகள். அவை ஒரு திசையில் வரும் மின்னோட்டத்தையே ஏற்கும். ஓடுவதன் விருப்பத்திற்கேற்ப மாறும் மின்சாரம், நிலையாக நிற்பதற்கு எவ்வாறு பயன்படும்? நிற்பதற்குத் தனிவழி வேண்டும்” என்றான்.

மேலும் அவன் கூறினான்: “கைகாட்டி விளக்கு அழகுக்காக நிறுத்தப்பட்டதன்று. இரவில் விளக்கு அணைந்த கைகாட்டியைக் கண்டால், ஓட்டுநர் அதனைச் சிவப்பு என்றே கொண்டு வண்டியை நிறுத்தவேண்டும் என்பது எங்கள் விதி. அந்தச் சிறு விளக்கை நம்பியே பல நூறு பேர் வண்டியில் உறங்குகின்றனர்.” இதனைக் கேட்ட சிறுவன் தன் அட்டைக் கைகாட்டியைப் புதிய கண்ணோடு நோக்கினான்.

மறுநாள் இருவரும் பணியைத் தொடங்கினர். 12 வோல்ட் அழுத்தத்தில் 1 ஆம்பியர் வரை தரவல்ல தனி மின்வழங்கி ஒன்றைப் பெற்றனர். பலகையின் அடியில் தடித்த கம்பிகள் இரண்டை நெடுக ஓட்டினர். ஆற்றினின்று வாய்க்கால் பிரிவதுபோல, அவற்றினின்று ஒவ்வொரு விளக்கிற்கும் மெல்லிய கம்பிகளைப் பிரித்தனர். விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்தடையைச் சேர்த்தனர். சிவப்பு விளக்கு ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட்டையே கொள்ளும். எஞ்சிய 10 வோல்ட்டை மின்தடை தாங்கவேண்டும். ஓடும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் எனில், ஓமின் விதிப்படி 500 ஓம் தடை வேண்டும் என்று சிறுவனே கணக்கிட்டான். வகுப்பில் வாய்ப்பாடாக மனனம் செய்த விதி, அன்று அவன் கையில் விளக்காக எரிந்தது. கம்பிகள் தவறித் தொட்டுக்கொள்ளினும் தீங்கு நேராவண்ணம் உருகி ஒன்றையும் பொருத்தினர். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆதலின், அதனை நேரே தொடும் வேலையில் சிறுவர் ஒருபோதும் இறங்கலாகாது என்பதையும் தந்தை வற்புறுத்தினான்.

உண்மை வண்டியிலும் இவ்வாறே பழங்காலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. பெட்டியின் அச்சோடு இணைந்த மின்னாக்கி, சக்கரம் சுழலும்போது மட்டுமே மின்சாரம் தரும். வண்டி நின்றால் விளக்குக்கு வழி யாது? பெட்டியின் அடியில் மின்கலங்களை வைத்தனர். ஓடும்போது ஈட்டிய ஆற்றல் அவற்றில் சேர்ந்து, நிற்கும்போது விளக்கை எரித்தது. வரவு உள்ளபோது சேமித்து, வறண்டபோது செலவிடும் நம் ஏரிகளின் முறையும் இதுவே அன்றோ?

இப்பொழுது எங்கள் இல்லத்துச் சிற்றூரில் வண்டி விரையினும் நிற்பினும், முன் செல்லினும் பின் செல்லினும், விளக்குகள் ஒரே சீராக ஒளிர்கின்றன.

மாணவர்களே, உலகில் ஓடுவோரைப் பலரும் காண்கின்றனர், புகழ்கின்றனர். இரவெல்லாம் கைகாட்டியைக் காப்பவர், மருத்துவமனையில் விழித்திருப்பவர், அணையின் மதகருகே காவல் நிற்பவர் ஆகியோரை நினைப்பவர் சிலரே. நிற்போர் தம் இடத்தில் ஒளியோடு நின்றாலன்றி, ஓடுவோர்க்கு வழி தெரியாது. ஆகவே, ஓடுவோரின் தேவை போக எஞ்சியதை நிற்போர்க்கு அளித்தல் முறையன்று. அவர்க்குரிய பங்கைத் தனியே, குறைவின்றி வழங்குதலே அறிவுடைய சமுதாயத்தின் கடமையாகும்.