கண்மாயைப் பலகையில் தூக்கிவந்த பையன்

பொங்கல் லீவுக்கு முதுகுளத்தூர் போயிருந்தபோது அக்கா பையன் ஒரு கண்டிஷன் போட்டான். "சித்தி, ரெண்டு நாள் லீவு சேர்த்துப் போடுங்க. ஸ்கூல்ல மாடல் போட்டி இருக்கு. நீங்க வந்து பார்க்கணும்."

ஏழாம் வகுப்பு படிக்கிறான். சென்னையில் எனக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. யாரோ எடுத்த வீடியோவுக்கு நாள் முழுக்கத் தலைப்பு வைக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியை நேரில் போய்ப் பார்த்து எத்தனை மாதம் ஆச்சு என்று யோசித்தேன். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஆனாலும் ஒரு தயக்கம் இருந்தது. மாடல் போட்டி என்றாலே எனக்கு வயிற்றை என்னவோ செய்யும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பள்ளி வராண்டாவில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கும் தெர்மாகோல் துகள், பெவிகால் வாசனை. எரிமலை இருந்தது, சொட்டுநீர்ப் பாசனம் இருந்தது, சிவப்புத் தண்ணீர் ஓடும் இதயம் இருந்தது. பாம்பன் பாலம் மட்டும் ஆறு! எங்கள் மாவட்டத்தில் அது ஆச்சர்யமில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரண்டு கைகளைத் தூக்குவதுபோல மேலே போகும். புதியதில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக ஏறும். எந்தப் பிள்ளைக்குத்தான் அதைச் செய்துபார்க்க ஆசை வராது?

ஆறில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். பிளஸ் ஒன் மாணவி செய்தது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்தினால் நடுப்பகுதி ஏறுகிறது. "அளவு 1:100 அக்கா. நிஜத்துல தூக்குற பகுதி 72.5 மீட்டர். இங்க 72.5 சென்டிமீட்டர். நிஜத்துல 17 மீட்டர் ஏறும். இங்க 17 சென்டிமீட்டர்" என்று ஸ்கேலை வைத்தே காட்டினாள். மற்ற ஐந்தும் பார்க்கப் பாலம் மாதிரி இருந்தன. இது பாலத்தின் கணக்கோடு இருந்தது.

உலகம் முழுக்க இந்தக் கணக்குக்கு அடிமையானவர்கள் இருக்கிறார்கள். விமானம், கப்பல், டாங்கி என்று சின்னதாகச் செய்கிற பெரியவர்களுக்காகவே பிரிட்டனில் 1963-ல் ஒரு சங்கம் தொடங்கி, அது பல நாடுகளுக்குப் பரவியது. விமான மாடல்களில் 1:72 பிரபலம். ஓர் அங்குலம் என்றால் நிஜத்தில் ஆறடி என்று மனதிலேயே கணக்குப் போட்டுவிடலாம். அழகாக இருந்தால் மட்டும் அங்கே போதாது, அளவு பிசகக் கூடாது.

கடைசி பெஞ்சில் எங்கள் பையன் நின்றான். நாலடி பிளைவுட் பலகை. அதில் எங்கள் ஊர்க் கண்மாய்.

இதற்காக அரைப் பரீட்சை லீவில் கரை முழுக்க 30 மீட்டர் டேப்பை 36 தடவை இழுத்திருக்கிறான். 1,080 மீட்டர். பலகையில் அது 108 சென்டிமீட்டர். செம்மண்ணைப் பெவிகாலில் குழைத்துக் கரை. மடைக்குத் தீப்பெட்டி. கலுங்குக்குச் சின்னச் சின்னக் கல். கண்மாய்க்குள் நிஜமாகவே மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலத்தையும் அவன் விடவில்லை, காய்ந்த முள் குச்சிகளை ஒடித்துக் குத்தி வைத்திருந்தான்.

பலகையின் ஓரத்தில் ஒரு அட்டை. 'நீளம், அகலம் 1:1000. உயரம் மட்டும் 1:100.'

அந்த அட்டையால்தான் அவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. "உயரத்துக்கும் அதே அளவு போட்டா மூணு மீட்டர் கரை மூணு மில்லிமீட்டர்தான் சித்தி வருது. கோடு மாதிரி இருக்கு. அதான் பத்து மடங்கு கூட்டினேன். தப்புன்னு சொல்லிடுவாங்களோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்ப அந்த அட்டையை எடுத்துடேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன் நான். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இப்போது என் கதை. நான் எட்டாவது படிக்கும்போது இதேபோல ஒரு போட்டி. கலாம் பிறந்த மாவட்டத்தில் வருஷத்துக்கு நாலு பேராவது ராக்கெட் செய்வோம். நான் பி.எஸ்.எல்.வி எடுத்துப் போனேன். 44 மீட்டர் ராக்கெட்டை 1:50 அளவில் 88 சென்டிமீட்டருக்கு மரத்தில் கடைசல் கொடுத்துச் செய்தது அப்பா. அவருக்கு மர வேலைதான் தொழில். நான் தொட்டது பெயின்ட் பிரஷ்ஷை மட்டும். "நீயே செஞ்சியாம்மா?" என்று நடுவர் கேட்டார். "ஆமா சார்" என்றேன். முதல் பரிசு. அப்பா வாசலில்தான் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை.

பையனிடம் நடுவர் வந்தார். அட்டையைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா ரெண்டு அளவு?" என்றார். பையன் ராத்திரி என்னிடம் சொன்னதையே சொன்னான். நடுவர் சிரித்தார். "பூண்டியில நீரியல் ஆய்வு நிலையம்னு இருக்கு. அணையை, ஆத்தைச் சின்னதா செஞ்சு, தண்ணி விட்டுச் சோதிப்பாங்க. இந்த மாதிரி மாடல்ல அவங்களும் சில நேரம் உயரத்தைக் கூட்டித்தான் வைப்பாங்க. ஆனா எவ்வளவு கூட்டினோம்னு எழுதிடணும். நீ எழுதியிருக்க."

பிறகு பலகையில் ஓடிய ஒரு சிவப்பு நூலைக் காட்டினார். "மத்த கால்வாய் நீலமா இருக்கு. இது ஏன் சிவப்பு?"

"இது வரத்துக்கால் சார். இப்ப இல்ல. தாத்தா சின்னப் பையனா இருக்கும்போது இது வழியாத்தான் தண்ணி வந்துச்சாம். தாத்தா நடந்து காட்டினாரு, நான் அளந்தேன்."

மழையை நம்பிய பூமி எங்களுடையது. குண்டாற்றுத் தண்ணீரைக் கண்மாய்களுக்குக் கொண்டுவர சேதுபதிகள் காலத்திலேயே ரகுநாத காவிரி என்று கால்வாய் வெட்டியவர்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் ஒரு கால் தூர்ந்தால் கீழே இருப்பவருக்கு நெல் இல்லை, மிளகாய் இல்லை. இதை நான் பத்து கட்டுரையிலாவது எடிட் செய்திருப்பேன். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியாது. சிவப்பு நூலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் பரிசு சிரிஞ்ச் பாலத்துக்கு. நியாயமான பரிசு. இரண்டாவது, மூன்றாவதிலும் எங்கள் பையன் பெயர் இல்லை. முகம் வாடிப்போனது. ஆனால் பரிசு கொடுத்து முடித்த பிறகும் அவன் பலகையைச் சுற்றிக் கூட்டம் கலையவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்த இரண்டு பெரியவர்கள் சண்டையே போட்டுக்கொண்டார்கள். "கால் இங்குட்டு இல்லப்பா, கோயிலுக்கு அங்குட்டு." "எனக்குத் தெரியாதா, நான் குளிச்ச கால்." பையன் பென்சிலை எடுத்து இரண்டு பேர் சொன்னதையும் பலகையிலேயே குறித்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது பலகையை ஆட்டோவில் ஏற்றி, நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். "நீங்க செஞ்சு குடுத்திருந்தா கரையெல்லாம் இன்னும் நேரா வந்திருக்கும்லப்பா?" என்றேன்.

"வந்திருக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பி.எஸ்.எல்.வி.க்கு நீ சொன்னது கேட்டுச்சு. தப்பு உன் மேல இல்ல, செஞ்சு குடுத்த என் மேலதான். அதான் இவன் பலகையில நான் கை வைக்கல" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பலகையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தாத்தாவும் பேரனும் டேப்போடு கிளம்பினார்கள். கோயிலுக்கு அங்குட்டா, இங்குட்டா என்று பார்க்க வேண்டுமாம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.